உறை பிரிக்காத பாக்ஸ்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனிச் சூளையில் பதினோரு வருடம் வெந்தவன் பாலகுரு. முடியாது என்று யாராவது சொன்னால் போதும், அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தொழிலாளர் கேம்ப் ரூமில் கூடத் தங்கியிருந்த மணிமாறன், நெட்டில் படம் பார்க்க டிவியோடு மாட்டியிருந்த சின்ன பாக்ஸில் எந்தப் படம் போட்டாலும் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். எல்லோரும் நெட்டைத் திட்டினார்கள். பென் டிரைவில் போட்டாலும் அதே கதைதான். கடைக்காரரோ, "கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு, புதுசு வாங்கு" என்று கையை விரித்துவிட்டார்.

"அவரு சொன்னா ஆச்சா?" என்று வெள்ளிக்கிழமை லீவில் பாலகுரு பாக்ஸ் முன் உட்கார்ந்தான். படம் நின்றதும் தொட்டுப் பார்த்தான். சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஓடு மாதிரி கொதித்தது. கம்பெனி சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. சூடு வெளியேற வழியே இல்லை.

கிழிக்கப் போனவன் கையை மணிமாறன் பிடித்துக்கொண்டான். "வேணாம்ணே! லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோகணும். புதுசாவே இருக்கட்டும்."

"ஊர்ல ரெண்டு மாசம், இங்க ரெண்டு வருஷம். நீ எங்கடா குடியிருக்க? எல்லாத்தையும் ஊருக்குன்னு பொத்தி வச்சிட்டு, நாம என்ன இங்க செத்தா கெடக்கோம்?"

சர்ரென்று கிழித்தான். படம் கடைசிவரை நிற்காமல் ஓடியது.

எல்லோரும் கைதட்டினார்கள். மணிமாறன் மட்டும் பாலகுருவின் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினான். அடுத்த லீவுக்கென்று வாங்கி வைத்த கம்பளி, உறைகூடப் பிரிக்காமல் அங்கே கிடந்தது. பாலகுரு அவனை முறைத்தான். பிறகு கம்பளியை இழுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஏசிக் குளிருக்குக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு காலை நீட்டிப் படுத்தான்.