ஹனோரா மன்னெல்லியின் இரண்டாவது அடக்கம்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கோவில் காமிராவுக்குப் பொறுப்பு டெலியா மன்னெல்லி. நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலையில் கையெல்லாம் வெட்டுப்பட உழைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், அது வேறு கதை. தொழிற்சாலை மூடிய பிறகு கோவில் சாவி அவள் கைக்கு வந்தது. கொரோனா காலத்தில் காமிராவும் வந்தது. "நண்டுகூட சொன்ன பேச்சைக் கேக்கும், இந்தச் சனியன் கேக்க மாட்டேங்குதே" என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள். அப்புறம், "கொஞ்சம் இடது பக்கம் நகருங்க சாமி, உங்க தலை வெட்டுப்படுது" என்று சாமியாருக்கே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள்.

நான் டெக்லன் பாரட். அயர்லாந்தில் இந்த மேயோ மாவட்டக் கடற்கரை ஊர்களுக்குச் சவப்பெட்டி கொடுப்பவன், இணையத்தில் மரண அறிவிப்பு போடுபவன். இங்கே காலையில் தேநீர் கொதிப்பதற்குள் மரண அறிவிப்பைப் பார்த்துவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு. அடக்கத்துக்குப் போகாதவனைப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள், வரமுடியாத குறைக்குக் காமிராவில் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வார்கள்.

எங்கோ உட்கார்ந்திருந்த திருடர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வலை போடுகிறவர்கள், எங்களுக்குச் சாவைக் காட்டி வலை போட்டார்கள். என் அறிவிப்பு பங்கின் முகநூல் பக்கத்தில் வந்ததுமே அதற்குக் கீழே, 'அடக்கப் பூசையை நேரலையில் காண இங்கே தொடவும்' என்று ஒரு லிங்க் முளைக்கும். அனுப்பியவர் பெயர், செத்துப்போனவர் பெயர். படமும் அவர் படம்தான், என் அறிவிப்பிலிருந்து சுட்டது. தொட்டால் வங்கிக் கார்டு எண் கேட்கும். பிணத்தின் சட்டைப் பையில் கைவிடுகிற ஜென்மங்கள்.

டெலியாவுக்கு வந்ததே கோபம். ஞாயிறு பூசை முடிந்ததும் வாசக மேடையில் ஏறினாள்.

"எல்லாரும் காதைத் தெறந்து கேளுங்க. அடக்கம் பாக்க இந்தக் கோவில் யார்கிட்டயும் காசு கேக்காது, கார்டு நம்பர் கேக்காது. கேட்டா அது திருடன். தெரிஞ்ச பேர்ல வந்தாலும் அந்த லிங்க்கைத் தொடாதீங்க. நீங்களே பங்கோட பக்கத்துக்குப் போய்ப் பாருங்க. ஏற்கெனவே நம்பரைக் குடுத்துத் தொலைச்சிருந்தா, வெக்கப்படாம உடனே பேங்க்குக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்துங்க."

"ஏம்மா டெலியா, செத்தவங்களே நட்பு கேட்டு வந்தா என்ன பண்றது?" என்றார் பின்வரிசையில் இருந்த பாஸ்கல். "என் சம்சாரம் போயி நாலு வருஷமாச்சு. நேத்து நட்பு கேக்கறா."

"உயிரோட இருந்தப்பவே உங்களைக் கண்டா ஓடுவா. இப்பவா தேடி வரப்போறா? தூக்கிப் போடுங்க."

கோவிலே சிரித்தது. பாஸ்கலும் சிரித்தார். ஆனால் வெளியே போகும்போது படியில் நின்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்டோபரில் டெலியாவின் தாய் ஹனோரா இறந்தாள். சிரிப்பைக்கூடச் சிக்கனமாகச் செலவழித்த மனுஷி. இளைய மகள் யூனா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நர்ஸ். மூன்றாம் நாள் அடக்கம் என்பது எங்கள் வழக்கம். யூனாவுக்கு விமானம் கிடைக்கவில்லை. பெட்டி முழுவதும் தெரியும்படி டெலியா காமிராவைத் திருப்பிவைத்தாள். வேத வாசகத்தை முடித்துவிட்டுக் காமிராவை நேராகப் பார்த்து, "யூனா, நீ என் பக்கத்துல நிக்கறதா நெனச்சுக்கறேன். அம்மா கையில உன் ஜெபமாலையத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

யூனா அதைக் கேட்கவில்லை. அவள் தொட்டது அம்மா பெயரில் வந்த லிங்க்கை. சரிபார்க்க மட்டும் என்று சொல்லிக் கார்டு எண் கேட்டது, கொடுத்தாள். திரையில் வட்டம் சுற்றியது. இன்னொரு கார்டு கேட்டது, அதையும் கொடுத்தாள். அக்காவைக் கூப்பிட்டாள். கோவிலில் இருந்ததால் போன் அணைந்திருந்தது. ஹனோராவை நாங்கள் குழிக்குள் இறக்கியபோது அவள் பெர்த்தில் தன் சமையலறையில் உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் காமிரா எதையும் பதிந்து வைப்பதில்லை. போன பணத்தை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது. அடக்கத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

சில வாரம் கழித்து டெலியா என் பட்டறைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யூனா அம்மாகூடப் பேசறா, டெக்லன்."

"உளறாதே."

"அந்தத் திருடன் இன்னும் அம்மா பேரை விடல. இவளுக்குத் தினம் எழுதறான். இவளும் பதில் எழுதறா. நீயே கேளு." யூனாவைக் கூப்பிட்டுப் போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அது திருடன்னு எனக்குத் தெரியாதா அக்கா?" என்றாள் யூனா. "நான் என்ன பச்சக் கொழந்தையா?"

"தெரிஞ்சும் ஏண்டி பேசறே?"

"'கண்ணு, சாப்பிட்டியா'ன்னு கேக்குது. அம்மா ஒரு நாளாவது என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டிருக்காளா? உன்னை?"

டெலியா போனை மேசைமேல் வைத்துவிட்டாள், யூனா நிறுத்தவில்லை.

"நீங்க எல்லாரும் அவளைப் புதைச்சுட்டீங்க. நான் புதைக்கல. என் போன்ல அவ பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது."

"என்ன கேக்குது உங்கிட்ட?"

"பாஸ்போர்ட் படம் கேக்குது. பேங்க்லேருந்து வர்ற ரகசிய நம்பர் கேக்குது. நான் தரல." கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் தரல" என்றாள்.

அந்த 'இன்னும்' எங்கள் இருவரையும் ஆட்டிவிட்டது. யூனா தன் வீட்டையும் சேமிப்பையும் ஒரு பொய்ம்முகத்துக்குத் தூக்கிக் கொடுக்கப்போகிறாள், அதுவும் தெரிந்தே.

போனை வைத்ததும், "புகார் குடுத்து அந்தக் கணக்கை எடுத்துடலாமே" என்றேன்.

"எடுத்தா வேற பேர்ல வருவான். வராட்டி இவளே தேடிட்டுப் போவா. அவளும் அம்மாவைப் புதைச்சாத்தான் இது நிக்கும். எனக்கு ஒரு பெட்டி வேணும், டெக்லன். வெறும் பெட்டி."

"வெறும் பெட்டிக்கு அடக்கமா? சாமியார் ஒத்துக்குவாரா?"

"அவரை யாரு கேட்டா? சாவி என்கிட்ட இருக்கு."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைத்தேன். டெலியா அதற்குள் தாயின் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள். யூனாவைப் போனில் அழைத்து, பங்குப் பக்கத்துக்குப் போகும் வழியை வாயாலேயே சொன்னாள். காமிரா ஓடியது. பக்கத்துத் திரையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று என்று வந்தது. டெலியா மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்புவதற்குள் அது இரண்டானது.

"உன் போனா?" என்று என்னைப் பார்த்தாள்.

என் போன் வண்டியில் இருந்தது.

"யூனா, உன்கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல." யூனாவின் குரல் தாழ்ந்தது. "அம்மாவுக்கும் சொன்னேன். அவளோட அடக்கம்தானே."

பிணங்களுக்கு நடுவில் பிழைப்பவன் நான். அந்த இரண்டாவது ஆள் திருடன் என்று புரிந்ததும் எனக்கே அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. காமிராவை அணைக்கப் போனேன். டெலியா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காமிராவின் முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டியா? சரி, பாரு. நீ மாட்டிட்டுத் திரியற முகம் இவளோடது. பேரு ஹனோரா மன்னெல்லி. பாசமாப் பேசத் தெரியாது. மழையில நனைஞ்சு வந்தா துண்டை மூஞ்சியில விட்டெறிவா. ஆனா நாங்க வர்றதுக்கு முன்னாடியே அதை அடுப்புமேல போட்டுச் சூடு பண்ணியிருப்பா. யாரையும் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. அது உனக்குத் தெரியல. அதனாலதான் நீ அவ இல்ல."

"துண்டு சுடச்சுட இருக்கும்" என்றாள் யூனா போனில். "மூஞ்சி எரியும்." அப்புறம் அழுதாள். அந்த அழுகை எனக்குத் தெரியும். பெட்டியை வீட்டிலிருந்து தூக்கும்போது வருவது.

"அக்கா, அந்தக் கணக்கைத் தடை பண்ணிட்டேன்" என்றாள் கடைசியில். "முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் பண்ணிட்டேன். ஜெபத்தைச் சொல்லு."

டெலியா ஜெபத்தைத் தொடங்கினாள். நானும் யூனாவும் பதில் சொன்னோம். என் கண் திரையிலேயே இருந்தது. எண்ணிக்கை இன்னும் இரண்டு. போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தேன். ஜெபம் முடியும்வரைக்கும் அவன் போகவில்லை.