பைக்கஸ் மரமும் அவருடைய மூச்சும்

மகள் கலியாணம் முடித்து லண்டனுக்குப் போன பிறகு, அரியாலை வீட்டில் நானும் அவரும் மட்டுந்தான். அவள் ஆசையாக வளர்த்த பைக்கஸ் மரத்தை மேல் அறையிலிருந்து சாடியோடு இறக்கி, ஹோலில் யன்னலோரம் வைத்தேன். என் தோளுயரம் இருக்கும். கீழ்நோக்கி வளைந்த கொப்புகள், மினுங்கும் சின்ன இலைகள்.

இறக்கிய கிழமையே இலைகள் கொட்டத் தொடங்கின. காலையில் கூட்டிவிட்டுப் போனால் மத்தியானம் நிலம் நிறைய இலை. நான் திகைத்துப்போய் மகளுக்கு போன் எடுத்தேன்.

"இடம் மாத்தினா அது அப்பிடித்தான் அம்மா. இனி அசைக்காதேங்கோ. தண்ணியையும் அள்ளி ஊத்தாதேங்கோ."

மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட்டேன். மெல்ல மெல்லத் தளிர்த்தது. பிறகு கிழமைக்கொரு தடவை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பது என் வேலையாயிற்று. துடைக்கும்போது மகளோடு கதைப்பதுபோல எதையாவது கதைத்துக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்தபடி இருப்பார்.

அவருக்குத் தும்மல் எப்போது தொடங்கியதென்று நான் கவனிக்கவில்லை. வல்வெட்டித்துறையில் கடற்காற்றில் வளர்ந்த மனிதர். தடிமன் பிடித்துக்கூட நான் கண்டது குறைவு. தும்மல் இருமலாகி, இருமல் இழுப்பாகியது. தூசுதான் காரணம் என்றேன். சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். கடையில் வாங்கிய இருமல் பாணிக்கும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொப்புகள் யன்னல் திரையில் முட்டுகின்றனவென்று கத்தரிக்கத் தொடங்கினேன். அவர் கொப்புகளைப் பிடித்துத் தந்தார். வெட்டிய இடமெல்லாம் வெள்ளைப் பால் வடிந்தது. பால் பட்ட கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்தார்.

வெட்டியவற்றை வெளியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவர் கதிரையில் முன்னுக்குச் சரிந்து இருந்தார். கண்கள் வீங்கி மூடியிருந்தன. உதடுகள் தடித்து, அது அவருடைய முகமாகவே இல்லை.

"என்னப்பா? என்ன செய்யுது?"

"மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

எப்படிக் கத்தினேனோ தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தன் ஆட்டோவை எடுத்தார். ஆஸ்பத்திரி வரை அவருடைய நெஞ்சு கீச்சிட்டுக்கொண்டே வந்தது.

ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க் பூட்டி, மூச்சு சீரான பிறகுதான் டொக்டர் விசாரித்தார். இளம் பெண்.

"ஐயா என்ன செய்துகொண்டு இருந்தவர்?"

"வீட்டுக்குள்ளை நிக்கிற பைக்கஸ் மரத்தின்ரை கொப்பு வெட்டினனாங்கள்," என்றேன்.

"அந்த மரத்தின்ரை பால் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. இலையிலை இருக்கிற தூசாலையும் இழுப்பு வரும்." அவர் பக்கம் திரும்பி, "வேறை இடத்திலை நிண்டா உங்களுக்குக் குறையுதோ ஐயா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். "ஓம். வல்வெட்டித்துறையிலை அண்ணை வீட்டிலை நிண்டா ஒண்டுமில்லை. மரத்துக்குக் கிட்ட இருந்தாத்தான் வரும். கன நாளாத் தெரியும்."

வீங்கிய முகத்தைக் கண்டபோதுகூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை. டொக்டர் நகரும் வரை பொறுத்திருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"பிள்ளை போன பிறகு நீர் அதோடைதான் கதைக்கிறீர். சொன்னா உடனை தூக்கி வெளியிலை வைச்சிடுவீர்."

"செத்தெல்லோ போயிருப்பியள்."

"உவ்வளவுக்கு வருமெண்டு நினைக்கேல்லை."

நான் இலை துடைத்த நேரமெல்லாம் இந்த மனிதர் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எழும்பி வேறு அறைக்குப் போயிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

அவர் வீடு திரும்புவதற்குள், கொழும்புத்துறையில் இருக்கும் என் சிநேகிதி வந்து மரத்தை ஏற்றிப்போனாள். அவள் வீட்டு விறாந்தையில் நல்ல காற்று வரும். நான் ஹோலைக் கழுவி, திரைச்சீலைகளைத் தோய்த்தேன். கொஞ்ச நாளில் இருமல் அடங்கியது. யன்னலோரம் வெறிச்சென்று கிடந்தது.

ஒரு மத்தியானம் சோறு போட்டு, தேங்காய்ப்பால் சொதியை அகப்பையால் அள்ளும்போது கேட்டேன். "இன்னும் வேறை என்ன எனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறியள்?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீர் வைக்கிற சொதி எனக்குப் பிடிக்கிறேல்லை. கலியாணம் செய்த நாளிலை இருந்து."

நான் அகப்பையில் இருந்த சொதியைத் திரும்பச் சட்டிக்குள் ஊற்றினேன்.