தாடையில் பட்ட எச்சில்

ரோசம்மாளுக்குக் கடல் பிடிக்காது. பிறந்தது கடற்கரை, வாக்கப்பட்டதும் கடற்கரை. தகப்பனும் புருஷனும் படகுக்காரர்கள். இருந்தும் பிடிக்காது. புருஷன் ஜோசப்பைக் கடல் கொண்டுபோனது. கொண்டுபோனதைத் திருப்பித் தரவும் இல்லை. தந்திருந்தால் ஒருவேளை சமாதானம் ஆகியிருப்பாள்.

அந்தப் புயலில் கரை ஒதுங்கிய சடலங்கள் ஆள் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. மீன் தின்றது போக மிச்சத்தை உப்பு தின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் மகள் வினோலியாவை உட்காரவைத்து, கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் துழாவி எடுத்துப் போனார்கள். தகப்பன் பாதி, தாய் பாதி சேர்ந்ததுதானே பிள்ளை, பிள்ளையின் எச்சிலை வைத்தே தகப்பனைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். அதற்கு டிஎன்ஏ என்று பேர் சொன்னார்கள். ஒவ்வொரு சடலத்துக்கும் ரோசம்மாள் பிணவறை வாசலில் போய் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில் ஜோசப்பின் வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணினார்கள்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுமுன் இறந்தவர் முகத்தைத் துடைத்துவிட்டு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முத்தி செய்வார்கள். முத்தி என்றால் முத்தந்தான், வேறொன்றுமில்லை. அது கிடைக்காமல் போகிறவர் அரைவழியில் நின்றுகொண்டிருப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரோசம்மாள் சட்டைக் காலருக்கு முத்தி செய்தாள். காலர் காலராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கடற்கரையில் இருக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொற்கைக்குத் தெற்கே செவலைமேடு என்கிற ஊருக்கு ஏறி வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். போக மாட்டேன் என்றால் போக மாட்டாள். மீன் பெட்டி சுமந்தாள், வாழைக்குக் களை வெட்டினாள், நூறுநாள் வேலைக்குப் போனாள். மகள் பாளையங்கோட்டையில் நர்சு படிப்புக்குச் சேர்ந்த வருஷம், ஊருக்கு மேற்கே பனங்காட்டு மேட்டில் குழி தோண்டுகிற வேலை வந்தது.

கிணறோ கக்கூசோ தோண்டுகிற குழி இல்லை. பழங்காலத்து ஆட்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்த இடம் அது. பாளையங்கோட்டையிலிருந்து டார்லின் என்கிற ஆராய்ச்சிக்காரப் பெண் தன் ஆட்களோடு வந்து கயிறு கட்டி வைத்திருந்தாள். வேலைக்காரர்களை மேய்க்க மேஸ்திரி தேவசிகாமணி அண்ணாச்சி. மண்ணை அள்ள ஆண்கள். பிரஷ்ஷை வைத்துப் பையப் பையத் தட்டிவிட ரோசம்மாளும், உள்ளூர் புராட்டஸ்டண்டு வேதக்கோயில் தெருவைச் சேர்ந்த பெர்சிஸும். அந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் பெர்சிஸ் ஒருத்திதான். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு போனவன்.

டார்லின் முதல் நாளே சொல்லிவிட்டாள். கயிற்றுக்கு உள்ளே வந்தால் கைக்கு உறை, வாய்க்கு மாஸ்க். எலும்புக்குப் பக்கத்தில் வெற்றிலை கூடாது, தும்மல் கூடாது.

"மூச்சுக்கூடப் படக்கூடாதுக்கா. இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் எலும்புக்குள்ள இருக்க டிஎன்ஏ முக்காவாசி கரைஞ்சு போயிருக்கும். மிச்சம் இருக்கது துளியூண்டு. அதுல நம்ம எச்சில் பட்டா நம்மதான் தெரிவோம், அவங்க தெரிய மாட்டாங்க."

"மீறித் தொட்டா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"தொட்டவங்க அப்புறம் உள்ள வரவேண்டாம்."

மாசிமாதக் கடைசியில் ஒரு பெரிய தாழி திறந்தது. உள்ளே துருப்பிடித்த இரும்பு வாள் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு பக்கத் தாடை, கடைவாய்ப் பற்களோடு. மற்ற எலும்பெல்லாம் கையில் எடுத்தால் மாவு. வாளைப் பார்த்ததும் அண்ணாச்சி அந்த ஆளுக்கு 'தலைவர்' என்று பேர் வைத்துவிட்டார். எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

"தலைவருக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆடுது," என்றாள் ரோசம்மாள்.

"பாவம், என்ன பேரோ, என்ன குலமோ," என்றாள் பெர்சிஸ். "ஜெபம் பண்ணி அனுப்ப ஆளு இருந்துச்சோ இல்லையோ."

"ஜெபம் கெடக்கட்டும் பிள்ள. முத்தி செஞ்சிருப்பாவளா?"

"ஒங்க ஆளுவளுக்கு எல்லாத்துக்கும் முத்திதான். சிலுவைக்கு, சொரூபத்துக்கு, பொணத்துக்கு. நாங்க ரெண்டு பாட்டுப் பாடிப் பைய அனுப்பிருவோம்."

"பாட்டுல மூஞ்சி துடைபடுமாக்கும்."

பெர்சிஸ் சிரித்துக்கொண்டே பல்லைப் போடுகிற பையை வாங்கிவரப் போனாள். மற்றவர்கள் பனை நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்கள். குழிக்குள் ரோசம்மாளும் தாடையும்தான்.

பல் இடுக்கில் செம்மண் அப்பியிருந்தது. பிரஷ்ஷுக்கு அது போகவில்லை. ரோசம்மாள் மாஸ்க்கை இறக்கி, பிள்ளையின் வாயைத் துடைக்கிற மாதிரி முந்தானை நுனியை நாக்கில் நனைத்து அந்த மண்ணைத் துடைத்தாள். நன்றாகவே துடைத்தாள். பிறகு குனிந்து, தாடைமேல் வாயை வைத்து எடுத்தாள். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள். கையில் உறை அப்படியே இருந்தது.

பெர்சிஸ் வந்து பல்லையெல்லாம் தாடையோடு பையில் போட்டு ஒட்டினாள். டார்லின் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடி முடிந்து, மேட்டில் அடுத்த வேலை தொடங்குகிற நேரத்தில் டார்லின் திரும்பி வந்தாள். தகரக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். முகம் சரியில்லை.

"அந்தத் தாழியில எடுத்த பல்லுக்குள்ள ரெண்டு ஆளு இருக்காங்க. ஒரு ஆளு பழசு. இன்னொரு ஆளு இப்பம் நம்மகூட இருக்க ஆளு. பொம்பளை ஆளு."

தேவசிகாமணி அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "பல்லைப் பையில போட்டது பெர்சிஸ்தான மேடம்."

"அண்ணாச்சி, வேர்த்து ஊத்தினாலும் மாஸ்க்கைக் கழத்தாம நின்னவ நான்," என்றாள் பெர்சிஸ்.

"பின்ன எச்சில் காத்துல பறந்து வந்துச்சோ?"

"யார் மேலயும் பழி வேண்டாம்," என்றாள் டார்லின். "என்னுதைப் பாத்தாச்சு, அது இல்ல. ரோசம்மாக்கா, பெர்சிஸு, ரெண்டு பேரும் வாய்க்குள்ள இருந்து கொஞ்சம் எச்சில் தாங்க. யாருதுன்னு தெரிஞ்சா, அந்த ஆளைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் படிச்சுப் பாக்கலாம். தெரியலேன்னா பல்லு வீண். அந்தத் தாழியில வேற பல்லும் இல்ல."

அவள் பையிலிருந்து பஞ்சுக்குச்சியை எடுத்தாள். ரோசம்மாள் எழுந்துவிட்டாள்.

"நான் தரமாட்டேன்."

"சும்மா கன்னத்துல ஒரு தடவு தடவுறதுதான்க்கா."

"எனக்குத் தெரியும் அது என்னன்னு. தரமாட்டேன்."

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொன்னால் கயிற்றுக்கு உள்ளே இடமில்லை, வேலையே இல்லாமலும் போகலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்தக் குச்சியைத்தான் அவளால் பொறுக்க முடியாது. பிணவறை வாசலில் அது சொன்னதெல்லாம் ஒரே பதில்தான்.

மறுநாள் காலையில் அவள் மேட்டுக்குப் போனபோது, பெர்சிஸ் கையுறையையும் மாஸ்க்கையும் மடித்து அண்ணாச்சியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். எச்சில் கொடுத்தாயிற்று, ஆனால் பதில் வர நாளாகும், அதுவரை வரவேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். பெர்சிஸ் அழவில்லை. ரோசம்மாளைப் பார்க்கவும் இல்லை. சோற்றுச் சட்டியைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ரோசம்மாள் மேட்டின் பாதிச் சரிவில் நின்று அதைப் பார்த்தாள்.

"ஏ பிள்ள, நில்லு," என்றாள். அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "அந்த உறையை அவகிட்டயே குடுங்க அண்ணாச்சி. அது என் வாயி."

கொட்டகையிலிருந்து டார்லின் வெளியே வந்தாள். "நீங்க தொட்டீங்களாக்கா?"

"தொடலை மேடம். கைக்கு உறை போட்டிருந்தேன். முந்தானையை எச்சில் தொட்டுத் துடைச்சேன், முத்தி செஞ்சேன்."

மண் அள்ளுகிறவர்களில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எதுக்கு?" என்றாள் டார்லின்.

"முத்தியில்லாமக் கெடந்தாரு. எங்க வீட்டுக்காரருக்கும் கெடைக்கல. ஒரு ஆம்பளைக்குச் செஞ்சா அங்கன அவருக்கும் கொஞ்சம் போய்ச் சேராதான்னு பாத்தேன்."

டார்லின் பையைத் திறந்தாள். குச்சியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் ரோசம்மாள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"இந்தக் குச்சி எனக்கு இல்லைன்னு மட்டுந்தான் மேடம் சொல்லியிருக்கு."

"இந்தத் தடவை ஆமான்னு சொல்லிரும்க்கா. நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே."

ரோசம்மாள் வாயைத் திறந்தாள்.

குச்சி ஆமாம் என்றுதான் சொன்னது. வடகிழக்கு மழை முடிந்து, தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பதில் வந்தது. ரோசம்மாள் அப்போது கயிற்றுக்கு வெளியே, பானை ஓடு கழுவுகிற இடத்தில் இருந்தாள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் எலும்புக் குழிக்குள் அவளுக்கு இடமில்லை. டார்லின் பேசிய பேச்சை மாற்றவில்லை, ரோசம்மாளும் கேட்கவில்லை.

டார்லின் வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள். உயிரோடு இருக்கிற ஆளுடைய டிஎன்ஏ முழு அரிசி மாதிரி நீளமாக இருக்குமாம். பழசு நொய்யாகி, முனையெல்லாம் அரித்துப் போயிருக்குமாம். மெஷின் ரெண்டையும் சேர்த்துத்தான் அள்ளிக்கொண்டு வரும். முழு அரிசி யாருடையது என்று தெரிந்துவிட்டால், அதை ஒதுக்கிவிட்டு நொய்யை மட்டும் புடைத்து எடுக்கலாமாம். முன்னெல்லாம் இது முடியாது, பல்லைத் தூக்கித்தான் போட்டிருப்பார்கள்.

"புடைச்சதுல மிச்சம் எவ்வளவு கெடைச்சுது?"

"ஒரு பிடிகூட இல்லக்கா. என்ன கண்ணு, என்ன நிறம், எங்கருந்து வந்த ஆளு, ஒண்ணும் சொல்ல முடியல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லலாம். அது பொம்பளை."

ரோசம்மாள் கையிலிருந்த பானை ஓட்டை வாளிக்குள் விட்டாள்.

"வாளு இருந்துச்சே?"

"இருந்துச்சு. இருந்தாலும் பொம்பளைதான். அதுவும் ஒங்க எச்சிலை முழுசாக் கழிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. வாள் வேறு யாராவது வைத்ததாக இருக்கும், பொம்பளை கைக்கு வாள் எதுக்கு என்று அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ரோசம்மாள் ஓடு கழுவினாள். பெர்சிஸ் மத்தியானச் சோற்றுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆம்பளைன்னு நெனச்சுல்லா செஞ்சேன்," என்றாள் ரோசம்மாள். "ஜோசப்புக்குப் போகும்னு செஞ்சது யாருக்கோ போயிருக்கு."

"பொம்பளைக்கு முத்தி வேண்டாமாக்கா?"

"வேணுந்தான்."

"பின்ன வுடுங்க. போனது போனதுதான். திருப்பி வாங்கவா முடியும்." பெர்சிஸ் ஒரு கவளம் தின்றாள். "எங்க வீட்டு ஆளுக்கு இடுப்பு போனப்பம் பாதிரியார் சொன்ன ஜெபம் எங்க போச்சுன்னு நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ரோசம்மாள் ஊறுகாயை அவள் சட்டிக்குத் தள்ளினாள்.

தை பிறந்து அடுத்த தாழி திறந்தது. இந்தத் தடவை வாளும் இல்லை, ஒன்றும் இல்லை. மண்டை ஓட்டில் பாதியும் மூன்று பல்லும்தான். பெர்சிஸ் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, உறை போட்ட கையால் மண்ணைத் தட்டினாள். அண்ணாச்சி பேர் வைக்கவில்லை. போன தடவை வைத்தது போதும் என்று நினைத்திருப்பார்.

ரோசம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கயிற்றோரம் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. சொரூபத்துக்குச் செய்கிற மாதிரி விரல் நுனியை உதட்டில் வைத்து, குழியைப் பார்த்துக் காட்டினாள்.

"மேடம், இங்கருந்து செஞ்சா எச்சில் வருமா?"

டார்லின் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்தாள்.

"வராதுக்கா. ஆனா இன்னும் ரெண்டு எட்டுப் பின்னால போய் நின்னுக்கோங்க."

ரோசம்மாள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். இன்னொரு எட்டு போகவில்லை. அங்கேயே நின்று இன்னொரு தடவையும் செய்துவிட்டு, வாளிக்குத் திரும்பினாள்.