இடமாறுதல் பெற்ற இரைப்பை

எங்கள் அலுவலக மேலாளரை நாங்கள் பேர் சொல்லிப் பேசியதே இல்லை. எங்களுக்குள் அவர் 'சுற்றறிக்கை'. நனைந்த குடையை எங்கே வைப்பது, நாற்காலியை எப்படி நகர்த்துவது என்று இருபத்தாறு வருடமாக அவர் போட்ட சுற்றறிக்கைகள் பலகையில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அவற்றில் அவருடைய செல்லப்பிள்ளை, 'இருக்கையில் அமர்ந்து எதையும் உண்ணக் கூடாது' என்பது. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்த என்னிடமே எழுத்துமூலம் விளக்கம் கேட்ட புண்ணியவான்.

அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. முதலில் சோறு நெஞ்சில் நின்றது. கடைசியில் தண்ணீரே இறங்க மறுத்தது. மருத்துவர்கள் கெட்ட குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையைக் குறுக்கிக் குழல்போலத் தைத்து, நெஞ்சு வழியாக மேலே இழுத்து, கழுத்தில் மிஞ்சியிருந்த துண்டோடு இணைத்தார்கள். "மேலாளர் கையெழுத்து இல்லாம வயித்துக்கு எப்படிய்யா டிரான்ஸ்ஃபர் ஆச்சு?" என்று நான்தான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட புத்திதான். அவர் இல்லாத மூன்று மாதமும் நாங்கள் இருக்கையிலேயே ஆடுமாடு மாதிரி மென்றுகொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் மறுபடி குடலில் குழாய் போட்டுத்தான் உணவு என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வந்த அன்று நாற்பத்தெட்டு.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இருக்கையில் உண்ண அனுமதி கேட்டு, மேலாளருக்கு, அதாவது தனக்கே, ஒரு விண்ணப்பம் எழுதினார். அலுவலகத் தபால் பதிவேட்டில் பதிந்தார். மறுநாள் அதைப் பரிசீலித்து, 'மருத்துவச் சான்றின் நகலில் சான்றொப்பம் இல்லை, நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அலுவலகத்தில் சான்றொப்பம் இடும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். தன் நகலுக்குத் தானே இடக் கூடாதாம்.

வீட்டிலிருந்து வந்த நாலு டப்பாவில் மூன்று அப்படியே திரும்பிப் போயின. எடை நாற்பத்தாறு ஆனது. தட்டச்சு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மேலாளர் மனைவிக்குப் போன் செய்துவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்தம்மா நேராக உள்ளே வந்து, மனு கொடுக்க வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் அமர்ந்து டப்பாவைத் திறந்தார். குழைய மசித்த சோறு.

"வாயைத் திறங்க."

"இது ஆபீஸ். ரூல் இருக்கு."

"யாரு போட்ட ரூல்?"

"நான் போட்டது."

அந்தம்மா எழுந்தார். பலகையில் அந்தச் சுற்றறிக்கையைத் தேடிப் பிடித்து, ஊசியோடு பிடுங்கி, அவர் மேசையில் வைத்தார். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"இப்ப ரூல் இல்ல. சாப்பிடுங்க."

அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூல் இல்லம்மா," என்றார் மெதுவாக. "பயம். முழுங்கினா அங்கேயே நின்னுடுமோன்னு பயமா இருக்கு. அன்னைக்குத் தண்ணிகூட நின்னுச்சே."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாளும் அந்த மனுஷன் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததை, நாங்கள் கேலி செய்து பொழுது போக்கியிருக்கிறோம்.

"நின்னா நிக்கட்டும். நான் இங்கதானே உக்காந்திருக்கேன்," என்றார் அந்தம்மா.

அவர் ஒரு வாய் வாங்கினார். ரொம்ப நேரம் மென்றார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அந்தம்மா மேசைமேல் சாய்ந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி காத்திருந்தார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"இறங்கிடுச்சா?"

"ம்... இறங்கிடுச்சு."

அந்தம்மா அடுத்த கரண்டியை எடுத்தார்.