சிலேட்டில் அடங்காத யானை

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. மலாயாவில், செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கிராணியார். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் கோடியில், ஒரு தகரக் கொட்டகையில், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார் ஒருவர்தான். பெரிய வகுப்பையும் சின்ன வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் கட்டி மேய்க்க அவர் படுகிற பாட்டை என் கணவர் பார்த்திருந்தார்.

"நீர் வீட்டில சும்மாதானே இருக்கிறீர். சின்னனுகளுக்குப் படம் கீறப் பழக்குமன்," என்றார்.

ஊரில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். உடனே சம்மதித்தேன்.

முதல் நாள் பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் சிலேட்டில ஒரு மாங்காய் கீறுங்கோ," என்றேன். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பால் வெட்டும் தம்பதியின் மகள். பாவாடை மடிப்பிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாள். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தப் பிள்ளை வீரிட்டு அழுதது.

"நீங்கதானே கீறச் சொன்னீங்க," என்றாள் இவள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் கீறுகிறவர்கள். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் படம் வரைகிறவர்கள். அவர்கள் பேச்சில் கீறுவதென்றால் முள்ளோ கத்தியோ படுவது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு அவள்தான் என் வகுப்பை நடத்தினாள் என்று சொல்லவேண்டும். பெஞ்சின் மேல் ஏறி நின்று, "வாங்கோ, இருங்கோ, கீறுங்கோ," என்று என்னைப்போலவே பேசிக் காட்டுவாள். சடையைப் பிடித்து இழுப்பாள். எல்லாவற்றையும்விட மோசமாக, தண்ணீர்ப் பானையில் கையை நனைத்துக்கொண்டு வந்து மற்றப் பிள்ளைகள் வரைந்ததை அழித்துவிடுவாள். மூலையில் நிறுத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். கற்கண்டு கொடுத்தேன், தின்றுவிட்டு மறுபடியும் அழித்தாள். சில வாரங்களில் என் தொண்டை கட்டிவிட்டது. இனிப் போகமாட்டேன் என்று கணவரிடம் அழுதேன். "அதை வாத்தியாரிட்ட நீரே சொல்லும்," என்றார்.

சொல்லத்தான் போனேன். கொட்டகைக்குள் காலை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வாத்தியார் கையை விரித்துச் சிரித்தார். எனக்குச் செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வழக்கம்போல ஒரு சிலேட்டை ஈரக் கையால் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போகவில்லை. ஊதிக் காயவைத்தாள். பிறகு விரலைத் தண்ணீரில் தோய்த்து வேகவேகமாக எதையோ இழுத்தாள். எட்டிப் பார்த்தேன். பெரிய முதுகு, தூண்போலக் கால், வளைந்த தும்பிக்கை. அது ஒரு பக்கத்திலிருந்து காய்ந்து மறைந்துகொண்டே வந்தது. அவள் அடுத்த சிலேட்டைப் பிடுங்கினாள். அவளிடம் சிலேட்டே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மழை ஓய்ந்ததும் பக்கத்தில் போனேன். "இது ஆனை எல்லோ?"

ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். "போச்சு," என்றாள். "வாலு போடறதுக்குள்ள தும்பிக்கை காஞ்சிருது."

"ஆனையை எங்க கண்டனி?"

"இங்கதான். வாழயத் தின்ன வந்துச்சு."

"எவ்வளவு பெரிசு?"

கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இந்தச் சிலேட்டெல்லாம் பத்தாதும்மா."

எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். முற்றத்துச் செம்மண் நன்றாக நனைந்திருந்தது. அவள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தேன். குனிந்தபடியே பின்னால் நடந்து நடந்து முதுகை இழுத்தாள். "டேய், அங்க நிக்காத, அது வயிறு," என்று கத்தினாள். அந்தத் தொண்டையை அடக்கத்தானே நான் அத்தனை நாள் பாடுபட்டேன். இப்போது வகுப்பே அதற்குக் கட்டுப்பட்டு நடந்தது. ஒருவனுக்கு நகங்கள், இரண்டு பேருக்குக் காது என்று வேலை பிரித்துக் கொடுத்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க வாலக் கீறுங்க," என்றாள். கேலியாக அல்ல. நானும் சேலையைச் செருகிக்கொண்டு கீறினேன்.

ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த அவள் அம்மா கூட்டத்தைக் கண்டு வாளியோடு ஓடிவந்தாள். "யாரயும் அடிச்சிட்டாளாம்மா?"

"இல்லை. வந்து பாருங்கோ."

அவள் யானையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி அது லயத்துப் பக்கமா வந்தப்ப எல்லாரும் ஓடுனோம். இவ அப்பாரு தோள்ல இருந்தா. நான் கண்ண மூடிக்கிட்டேன். இவ பாத்திருக்கா."

வேலை முடிந்து வந்த ஆண்களும் பெண்களும் அன்று யானையை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். வாத்தியாரிடம் நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

அவள் சாது ஆகிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். பெஞ்சில் ஏறுவதும் என்னைப் பேசிக் காட்டுவதும் நிற்கவில்லை. ஆனால் வகுப்புக்கு முன்பே என் வீட்டு வாசலுக்கு வந்து, "இன்னிக்கி என்ன?" என்று கேட்பாள். அவளைத் தேடிக்கொண்டு அம்மாவும் வருவாள். அதுவரை லயத்துப் பெண்கள் கிராணியம்மா என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்; ஒருத்தியும் நின்று பேசியதில்லை. இவள் படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, தோட்டத்துக் கதை முழுவதையும் எனக்குச் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்து நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அந்தப் படியில்தான்.

அடுத்த வருடம் அவர்கள் கோலா கங்சார் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார்கள். புறப்படுகிற காலையில் மூவரும் வந்தார்கள். "இவ பேரச் சொல்லி யாரும் வையாத எடம் இது ஒண்ணுதாங்க்கா," என்றாள் அம்மா. அக்கா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். நன்றி சொல்லவேண்டியவள் நான் என்று எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைக்க மட்டும் உதவினேன்.

பிறகு நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். அங்கே ஒரு பள்ளியில் பல வருடங்கள் சின்னப் பிள்ளைகளோடு இருந்தேன். பெஞ்சில் நிற்கிற பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒன்றாவது வந்தது. நான் அதனிடம்தான் முதலில் போய் உட்கார்வேன்.