எதிர்க்கடை அண்ணாச்சி ஒருமுறைதான் கேட்பார்

எதிர்க்கடைக்காரர் இறந்துபோன செய்தி எனக்குக் கடையநல்லூரிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆடித்தபசு வியாபாரத்துக்கு வந்து இறங்கிய அண்டாக்களைக் குடோனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடையநல்லூர்க் காசிம் பாய் போன் செய்தார். "மொதலாளி, பேச்சிமுத்து அண்ணாச்சி போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவளாம். இப்பதான் அவுக மக போன் போட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருசமாக எதிர் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். பஸ் ஏறி வரவேண்டிய தூரத்தில் இருக்கிற பாய்க்கு எதற்கு முதல் போன் என்றுதான் மனசு கேட்டது. அதற்கப்புறம்தான் அண்டாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு அண்ணாச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தேரடிப் பக்கம் பாத்திரம் வாங்கிய எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர்மேல் எனக்கு இருந்த பொறாமை மட்டும் யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி எடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நான் குருவிகுளம் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் அலுமினியப் பானை விற்று மேலே வந்தவன். வருகிறவரின் செருப்பைப் பார்த்தே விலை சொல்லப் பழகியவன். அண்ணாச்சி கடையில் ஒரே விலை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் எழுதி ஒட்டியிருப்பார். அவர் கடை திறந்தபோது, "நம்ம ஊர்ல பேரம் பேசாம யாரு வாங்குவா? ஒரு தபசு தாங்காது" என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

ஒரு தடவை வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாண வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். சீர்ப் பாத்திரம் முழுக்க என் கடையில் பொறுக்கி எடுத்துவிட்டு, காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை பேரம் பேசினார்கள். குடிக்கக் கலர் சோடாவெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் பெண்ணின் அம்மா, "எதிர்க்கடையிலயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதோம்" என்று எழுந்தார். போனார்கள். அரை மணி நேரத்தில் அங்கே வண்டியில் சாமான் ஏறியது. அதே குத்துவிளக்கு, அதே சருவம். என் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல் வேறு! சாயங்காலம் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். "என்ன மருந்து வச்சீரு அண்ணாச்சி?"

"ஒரு மருந்தும் இல்ல வே. வெலைய ஒருக்காதான் சொல்லுவேன். ரெண்டாவது ஒண்ணு சொன்னா, மொதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிருமே."

அவருக்கு அது வியாபாரப் பேச்சு மட்டுமில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அண்ணாச்சியின் இலங்கைப் பயணத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணாச்சிக்கு அதே நினைப்பு. ஒரு டின்னர் செட் அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கம் ரோடு வரைந்து வைத்திருந்தார். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அதை மேஜையில் விரிப்பார். நானும் என் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போய் நிற்பேன். சும்மா, கேலி பண்ணத்தான்.

"அங்கன போயி என்னத்தப் பாக்கப் போறீரு?"

"ஆனையிறவுன்னு ஒரு எடம் வே. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தண்ணியாம். நடுவுல வண்டி போகுதாம். நம்ம ஊர்ல எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு பக்கமும் காஞ்ச காடும் உடமரமும்தான. அந்த ஒரு ரோட்டுல போயிட்டு, அப்படியே கண்டி, நுவரெலியான்னு ஏறி எறங்கிட்டு வந்துரணும்."

தன் பழைய காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் முதலில் திட்டம். எனக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பாத்திர வியாபாரி பழக்கம். அவரிடம் விசாரித்துவிட்டு வந்து, "அது ஆள் மட்டும் போற கப்பல். காரை ஏத்த மாட்டாவ. அட்டைய மடிச்சு வையும்" என்றேன். அவர் முகம் வாடும், பார்க்கலாம் என்று நின்றேன். "நல்ல நேரத்துல சொன்னீரு வே!" என்று பேனாவை எடுத்தார். கார் நாகப்பட்டினம் வரைக்கும், அந்தக் கரையில் வாடகைக் கார் என்று அப்போதே மாற்றி எழுதினார். காரை விட்டுவிட்டுப் போக அந்த நாகப்பட்டினத்து வியாபாரியின் குடோனையே கேட்டார். நானே பேசி ஏற்பாடு செய்து கொடுத்தேன். இப்படித்தான், கெடுக்கப் போய் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரை வழி வேண்டாம், விளாத்திகுளம், சாயல்குடி, ராமநாதபுரம் போய்த் தொண்டியிலிருந்து கடலை ஒட்டியே போகலாம் என்று ரோட்டை மாற்றியவனும் நான்தான். மழைக்காலத்தில் கப்பல் இருக்காது, தையில் கல்யாண வியாபாரம் இருக்கும், ஆகவே பங்குனி என்று மாதம் குறித்தவனும் நான்தான்.

ஓட்டுவதற்குக் காசிம் பாயைப் பிடித்தார். பாய் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். ஊர் திரும்பி, கடையநல்லூரில் பிரியாணி தேக்சா வாடகைக்கு விடுகிறார். தேக்சா வாங்க வந்த பழக்கம்தான். வந்தவருக்கு அட்டை முன்னால் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. நான் அந்த அட்டையை நின்றுகொண்டே பார்த்தவன்.

ஒரு மத்தியானம், அட்டையில் கோடு இழுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "வே, நீரும் வாருமே."

எனக்கு உள்ளே குபீரென்றது. ஆனால் யாராவது எதையாவது சொன்னால் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எந்த வியாபாரியும் முதல் சொல்லுக்குத் தலையாட்ட மாட்டான். கொஞ்சம் முகத்தைச் சுளித்து, கொஞ்சம் நகர்ந்து, அவராகவே இன்னொரு முறை கூப்பிட வைக்க வேண்டும். "பாப்போம் அண்ணாச்சி, கடைய யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடி கூப்பிடுவார் என்று நான் காத்திருந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அலுமினியச் சரக்கு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருநெல்வேலி போய் விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணைக்குச் சாட்சி வேண்டும் என்றதும், அண்ணாச்சிக்குத் தெரியக்கூடாதென்று வேறு தெருவில் இரண்டு பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். புத்தகம் வந்ததும் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இன்னும் ஒருமுறை கேட்டால் போதும், எடுத்து முன்னால் வீசிவிடலாம்!

தை முடிந்தது. மாசி முடிந்தது. அண்ணாச்சி தினமும் அட்டையை விரித்தார். "வண்டியில என்னென்ன வச்சுக்கலாம் வே?" என்று கேட்டார். "கப்பல்ல வாந்தி வருமாமே?" என்று கேட்டார். அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார்.

பங்குனியில் ஒரு காலை, கார் என் கடை வாசலில் வந்து நின்றது. பாய் ஓட்டுகிறார், பக்கத்தில் அண்ணாச்சி. கடையிலிருந்து எடுத்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று மடியில். வாந்திக்காம். "வாரேன் வே" என்றார். வண்டி உடனே கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் ஒரு சொம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த சொம்பைத்தான் திரும்பவும் துடைத்தேன்.

பத்து நாள் அவர் கடையை மகள் கோமதி பார்த்தாள். ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. விலைதான் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருக்கிறதே, யாரும் விற்கலாம். என் கடையில் விலையெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ஒரு நாள் நான் எழுந்து போனால் கடை ஊமையாகிவிடும். அவர் போன ஊரைவிட, இப்படி எழுந்து போக முடிந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

திரும்பி வந்ததும் நேரே என் கடைக்கு வந்தார். கையில் தேயிலைப் பொட்டலம். "ரெண்டு பக்கமும் தண்ணி வே. கண்ணுக்கு எட்டுன மட்டும் தண்ணி. பாய வண்டிய நிறுத்தச் சொல்லி, நடு ரோட்டுல நின்னேன்." அதற்குமேல் அவர் சொல்வதற்குள், வாசலில் சும்மா நின்ற ஒரு அம்மாளை, "வாங்க, என்ன பாக்குறீய?" என்று கூப்பிட்டேன். அண்ணாச்சி பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். மீதிக் கதையை நான் கேட்கவேயில்லை. கேட்க எத்தனையோ நாள் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று மாதம்கூட இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலில் காசிம் பாயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். என் எரிச்சல் அன்றும் அடங்கவில்லை. "ஒமக்கென்ன பாய், கூடப் போயி எல்லாத்தையும் பாத்துட்டீரு" என்றேன்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கும் எடம் கெடந்துச்சே மொதலாளி. பின்சீட்டுல ஒரு பை வைக்க விடலயே அண்ணாச்சி. தூக்குவாளியக்கூட மடியிலதான் வச்சிருந்தாவ."

"எனக்கா?"

"பின்ன? நீங்க பாஸ்போர்ட் எடுத்தது அவுகளுக்குத் தெரியுமே. விசாரணைக்கு வந்த போலீஸ்காரரு, எதுத்தாப்புல இருக்காருன்னு அவுககிட்டயும் கேட்டிருக்காரு, இவரு எப்படி ஆளுன்னு."

"என்ன சொன்னாராம்?"

"'நல்ல ஆளு. பதில் சொல்லத்தான் நாளாகும்'னு சொன்னாவளாம். எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. 'இன்னொருக்கா கூப்பிடுங்களேன்'னு நான் எத்தன தடவ சொன்னேன்! 'கேட்டாச்சு பாய். கேட்டது கேட்டதுதான். அவரு வாரப்ப வரட்டும்'னுட்டாவ. அன்னைக்கு ஒங்க வாசல்ல வண்டிய நிறுத்தச் சொன்னதும் அதுக்குத்தான். நீங்க சொம்பத் தொடச்சிக்கிட்டு இருந்தீய."

அண்ணாச்சி சொன்ன சொல் அந்தப் பங்குனி வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறது. நான் அது கூடுமா குறையுமா என்று எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இத்தனை வருசம் பக்கத்திலிருந்தும், அவர் விலையை அவர் மாற்றமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா?

பந்தல் காலியாகும் வரை இருந்துவிட்டுப் பாயிடம் கேட்டேன். "பாய், அந்த ரோட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போவீரா?"

"பாப்போம் மொதலாளி" என்றார் பாய்.

அண்ணாச்சியிடம் நான் சொன்ன அதே சொல். அடுத்த நிமிசம் அவர் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. "பங்குனிக்குக் கெளம்புவோம், இன்ஷா அல்லாஹ். அதே காருதான். கோமதிகிட்ட நான் சொல்லுதேன்."

கடையில் இப்போது பாத்திரங்களின் அடியில் விலை எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. வாங்க வருகிறவர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பாய்மேல் பொறாமையும் குறையவில்லை. நடு ரோட்டில் அண்ணாச்சி இறங்கி நின்றபோது பக்கத்தில் நின்ற ஆள் பாய்தான். அதை யாரும் எனக்கு இனித் தரமுடியாது.

முன்னால் உட்காருங்கள், கடல் நன்றாகத் தெரியும் என்கிறார் பாய். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பேச்சிமுத்து அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது பின்சீட். நான் அதில்தான் உட்காருவேன்.