இருநூற்றுப் பதினாறாம் நம்பர்

பல் செட் செய்வது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். “இவ கைபட்டா பொக்கை வாயும் கதை சொல்லும்” என்று கணவர் போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். வீட்டில் அவளைக் கூப்பிடுவதே “பல்காரி” என்றுதான்.

நாற்பத்து மூன்று வயதில், மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பல் மருத்துவமனையில் இதே வேலை பார்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போகிறாள். ஒரு வருஷத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். “ஒரு வருஷம்தானே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்றார் கணவர். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது.

மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவளுடைய பட்டறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, மெழுகு உருக்கும் விளக்கு, பாலிஷ் போடும் மோட்டார், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டும் வெள்ளை மாவு. காலையில் அலமாரியில் பெட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் அந்த மாவில் வார்த்துக் கல்லாக இறுகிய ஈறு அச்சு, கூடவே ஒரு சீட்டு. சீட்டில் நம்பர், வயது, பல்லின் நிறம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த நோயாளி. சாயங்காலம் பல்லைப் பெட்டியில் வைத்தால் யாரோ எடுத்துப் போவார்கள். இருநூறு வாய்க்கு மேல் பல் கட்டியிருந்தாள். அதில் ஒரு வாய்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தங்கியிருந்த வீட்டிலும் கதை அதேதான். ஆறு அறைக்கு ஒரே சமையலறை. ஆளுக்கொரு நேரத்தில் வேலை. ஒருவர் வரும்போது இன்னொருவர் கிளம்பியிருப்பார். வாசலில் கிடக்கும் செருப்பையும் ஷூவையும் பார்த்துத்தான் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். மூன்றாம் அறைக்காரரின் ஷூ வலது குதிகால் தேய்ந்தது என்பது அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது.

கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது பல் டாக்டரிடம் தேதியைச் சொன்னாள். “அதுக்குள்ள வருஷம் முடிஞ்சிடுச்சா?” என்றார் டாக்டர். வேலைக் கோட்டையும் பட்டறைச் சாவியையும் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். தப்பான மனிதர் இல்லை. தலைக்கு மேல் வேலை.

அந்த வாரம்தான் இருநூற்றுப் பதினாறாம் நம்பர் பெட்டி திரும்பி வந்தது. ‘பேசும்போது விசில் சத்தம்’ என்று சீட்டில் எழுதியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. வேலை திரும்பி வருவது அவளுக்குப் பழக்கமில்லை. முன்பல்லுக்குப் பின்னால் காற்று போகும் இடத்தைச் சரிசெய்து அனுப்பினாள். நாலாம் நாள் மறுபடி வந்து நின்றது. அதே புகார்.

நேராக மாடிக்குப் போனாள். “டாக்டர், கல்லைப் பாத்துக்கிட்டு விசிலைக் கண்டுபிடிக்க முடியாது. அவரு பேசி நான் கேக்கணும்.”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “வியாழக்கிழமை வரச் சொல்றேன். நான் பக்கத்து அறையிலதான் இருப்பேன்.”

இருநூற்றுப் பதினாறு ஒல்லியான தமிழ்க் கிழவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“பல் போனா சொல் போச்சும்பாங்க. எனக்குப் பல் வந்ததும் சொல் போச்சும்மா.”

ஒவ்வொரு ‘ச’வுக்கும் மெல்லிய விசில் ஒன்று கூடவே வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

“வீட்ல யாராவது சொன்னாங்களா, விசில் வருதுன்னு?”

“வீட்ல யாரு இருக்கா? நானேதான் பேப்பரைச் சத்தமா படிப்பேன். ஒரு குரல் கேட்டாத்தானே வீடு? இப்ப படிச்சா பின்னாடி யாரோ கேலி பண்ற மாதிரி இருக்கு.”

பல் செட்டின் அண்ணத்தில் மெழுகைத் தடவிவிட்டு ஆங்கிலத்தில் எழுபதிலிருந்து எண்பது வரை எண்ணச் சொன்னாள். பழைய பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். அவர் நிறுத்தத்துக்கு ஒரு கதை வைத்திருந்தார். டிக்கெட் வாங்காமல் தூங்குவது போல் நடித்த ஒரு வக்கீல், கிழவர் தன் சொந்த மாமனாருக்கே அபராதம் போட்ட நாள். அவள் ராவினாள், தடவினாள், மறுபடி பேசவைத்தாள். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. “உங்க வீட்ல யார் யார்மா?” என்று அவர் கேட்டார். அந்த ஊரில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அடுத்த வியாழன் விசில் நின்றுவிட்டது. கீழ்ப்பல்லின் வலது ஓரத்தில் மட்டும் விளிம்பு மயிரிழை அளவு உயர்ந்திருந்தது. அவள் விரலுக்கு அது தட்டுப்பட்டது. இரண்டு நிமிஷ வேலை. அரத்தைக் கையில் எடுத்தாள். அதைச் செய்துவிட்டால் அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. அரத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு ஐயா. அடுத்த வியாழன் வாங்க.”

இருபது வருஷத் தொழிலில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு வேலையை அரைகுறையாகக் கொடுத்து அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க மனது இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு பக்கம் குறுகுறுப்பு. இன்னொரு பக்கம், வியாழக்கிழமைக்கு நல்ல புடவையை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

வியாழன் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து காட்டினார். வலது ஈறில் மிளகளவு புண், சுற்றிலும் சிவந்திருந்தது.

“அஞ்சு நாளா ரொட்டியைத் தண்ணில நனைச்சுத் தின்னேன்” என்றார்.

அவள் பல்லைக் கழற்றி வாங்கினாள். ராவி, பாலிஷ் போட்டு, மாட்டிக் காட்டினாள். இரண்டே நிமிஷம். அதோடு விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. வாய் கேட்கவில்லை.

“போன வாரமே இதைச் செஞ்சிருக்கலாம் ஐயா. தெரிஞ்சேதான் விட்டுட்டேன்.”

“ஏன்?”

“செஞ்சிட்டா நீங்க வரமாட்டீங்களே.”

கிழவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு கதவு வரை போய் நின்றார்.

“கேட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனேம்மா.”

அவள் தலை கவிழ்ந்தது. “இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன். சனிக்கிழமை வேலை இல்ல…”

“சனிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன். டிக்கெட் எடுத்தாச்சு.” கொஞ்சம் தயங்கினார். “நானே டிக்கெட் எடுக்காம போக முடியாதே” என்று சொல்லிப் போய்விட்டார். அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை பிரசவ விடுப்பில் போனவள் திரும்பி வந்தாள். வந்ததும் நாற்காலியின் உயரத்தைத் தன் அளவுக்குத் திருகிக்கொண்டாள். கைப்பையிலிருந்து குழந்தையின் படத்தை எடுத்து மோட்டாருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அரை மணி நேரத்தில் பொறுப்பு கைமாறியது. டாக்டர் கொடுத்த சான்றிதழில் அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. திருத்தித் தரச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை பெட்டி கட்டினாள், அறையைக் கூட்டினாள், கட்டிலில் உட்கார்ந்தாள். கதவை யாரும் தட்டவில்லை.

ஞாயிறு மத்தியானம் விமான நிலையத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டாள்.

“வழியனுப்ப யாரெல்லாம் வந்திருக்காங்க?” என்று உற்சாகமாகக் கேட்டார்.

“யாரும் வரல.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தரும் இல்லங்க. வருஷம் பூரா இப்படித்தான். பேச ஆளே இல்ல. கடைசில ஒரு பெரியவர் கிடைச்சாரு. அவரு வாயையும் புண்ணாக்கி அனுப்பிட்டேன்.”

“ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“சொன்னா கிளம்பி வந்துடுன்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.” என்றார் அவர். “சரி, போனை வைக்காதே. உள்ள கூப்பிடற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம். அந்தப் பெரியவரு கதையைச் சொல்லு. மொதல்ல இருந்து.”

கண்ணாடிச் சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பி வந்த பெட்டியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். விசிலை அவள் வாயாலேயே செய்து காட்டியபோது அவர் சிரித்தார். புண்ணைச் சொன்னபோது “த்சு” என்றார். கதவு வரை போய்க் கிழவர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லி அழைத்துவிட்டார்கள்.

“மீதியை வீட்ல சொல்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் வரிசையில் நின்றாள்.